நாளுக்கு எண்ணூறு சோம்

அன்சானில் மூன்று வருடம்
கார் இருக்கைகளுக்கு உறை தைத்தேன்.
கையோடு வந்தவை
ஊசி துளைத்த ஒரு நகமும்
திட்டு வாங்கியே படித்த கொரிய மொழியும்.
நாரின் ஊரில் அதற்கு விலை இருக்கும் என்று
யார் நினைத்தது?

தாக் ஆசிரியருக்கு விசாவில் தொழில்
பசுமைக்குடில் பயிற்சி.
வெள்ளரி நாற்றுகளும் உண்மைதான்.
வியாழக்கிழமைகளில் மட்டும்
கைகளைக் கழுவிக்கொண்டு
நோயாளி இருக்கும் வீடுகளுக்குப் புறப்படுவார்,
நான் அரையடி பின்னால்.

முதல் நாளே அம்மா கேட்டாள்:
"அவர் ஜெபத்தை நீ சொன்னால்
அது யார் கணக்கில் சேரும்?"
மாவு மூட்டையின் விலையைச் சொன்னேன்.
பிறகு அவள் கேட்கவில்லை.
நான் வீடு திரும்பும் நேரம் பார்த்து
பிஸ்மில்லாவைக் கொஞ்சம் உரக்கச் சொல்வாள்,
அவ்வளவுதான்.

சில சொற்கள் சுலபம்.
ஈசா என்றால் எங்களுக்கும் ஈசா.
குமாரன் வருகிற இடத்தில்
எனக்கு இருமல் வரும்.
அவர் ஆமென் என்பார்,
கிழவர்கள் பழக்கத்தில் ஆமீன் என்று
முகத்தைத் தடவிக்கொள்வார்கள்,
அவருக்குக் கண் கலங்கும்.
நான் திருத்தவில்லை.
திருத்துவதற்குத் தனிக் கூலி இல்லை.

தபால்காரர் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி போனது.
போனதுதான், என் கண்ணால் பார்த்தேன்.
மூன்றாம் நாள் திரும்பி வந்ததை
அவள் என்னிடம் மட்டும் சொன்னாள்,
ஆசிரியர் மனம் நோகும் என்று.

ஜெக்ஷென் வீடு ஆற்றுக்கு அப்பால்.
ஆட்டுச் சடலத்துக்குக் குதிரைகள் மோதும் ஆட்டத்தில்
குதிரையோடு கவிழ்ந்தான்.
இடுப்புக்குக் கீழே
வேறு யாருடையதோ போலக் கிடக்கிறது உடம்பு.
இருபத்திரண்டு வயது.
இமாம் வந்து ஓதி ஊதியாயிற்று.
பிஷ்கேக்கில் எடுத்த எக்ஸ்ரேயை
உடைந்த ஜன்னலில் ஒட்டியிருந்தார்கள்,
காற்று வராமலிருக்க.
முதுகெலும்பின் வழியே
பகல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஆசிரியர் முழங்காலிட்டார்.
கம்பளிக்குள் கைவிட்டு
அந்தப் பாதங்களைப் பிடித்துக்கொண்டார்,
கூடப் பிறந்தவனுடையதைப் போல.
அதை நான் எங்கேயும் மறுக்கமாட்டேன்.
நெடுநேரம் ஜெபித்தார்.
அந்தக் குளிரில் அவருக்கு வேர்த்தது.
பிறகு நிமிர்ந்து
ஒரே சொல்:
எழு.

எங்கள் மொழியில் அதற்கு ஓரசை போதும்.
படுத்துக் கிடக்கும் ஆட்டிடம்கூடச் சொல்வோம்.
தொண்டைவரை வந்தது.
நான் சொன்னது:
"நீ எழுந்தால் நன்றாயிருக்கும் என்கிறார்."

ஜெக்ஷென் தலையசைத்தான்,
விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை.

பாலத்தில் வரும்போது
"அந்த வீட்டில் விசுவாசம் குறைவு" என்றார்.
நான் என் பூட்ஸைப் பார்த்து நடந்தேன்.

நம்பாதவள் நான்.
நம்பாதவளுக்கு அன்றிரவு தூக்கம் இல்லை.
வாசல்வரை வந்த ஒன்று
என் நாக்கில் தடுக்கி விழுந்திருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை தனியே போனேன்,
ஒரு வெள்ளரி நாற்றைச் சாக்காக எடுத்துக்கொண்டு.
அவன் அம்மா பூபூஷிடம் ஒப்புக்கொண்டேன்:
அவர் ஆசைப்படவில்லை, கட்டளையிட்டார்.
மாவு ஒட்டிய கைகளோடு அவள் நின்றாள்.
"விழுந்த நாளிலிருந்து
அசையாதே, அசையாதே என்றுதான்
எல்லாரும் சொல்கிறார்கள்.
நானும்தான்."

உள்ளேயிருந்து அவன் குரல்:
"அப்படியா சொன்னார்?
எங்கே, சொல்லு."

கட்டிலருகே போய்ச் சொன்னேன்.
யார் பெயராலும் அல்ல.
கூலிக்கும் அல்ல.
ஓரசை,
பாதியில் உடைந்தது.

கம்பளி அசையவில்லை.
அவன் முகம் மட்டும்
பெயர் சொல்லி மைதானத்துக்குக் கூப்பிடப்பட்டவனின்
முகமாக மாறிற்று.
அடுப்பில் ரொட்டி கருகும் வாசம்,
பூபூஷ் நகரவில்லை.

"இன்னொரு தரம்" என்றான்.