பதினொன்று

அருமனைக்கு மேலே, ரப்பர் விளைகள் முடிகிற இடத்தில்
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில்
முட்டி இடிக்க இருக்கிறேன்.
சட்டையில் ஏஜென்ட் அட்டை.
மடியில் வாக்காளர் பட்டியல்.

நம்ம ஓட்டுக்கு டிக்.
அவர்கள் ஓட்டுக்குப் பெருக்கல்.
சந்தேகத்துக்கு ஒரு புள்ளி.
நேற்று ராத்திரியே போட்டு முடித்தது.
ஒன்பது தேர்தலாக இந்தப் பென்சில் வேலை;
றசலையன், வயது 54 என்பதன் நேரேயும்
கை தானாக ஒரு டிக் போட்டிருக்கிறது.

விடியுமுன் மாதிரி வாக்குப்பதிவு.
எல்லாப் பட்டனும் அமுக்கிப் பாக்கணும் என்றார் அதிகாரி.
ஏழாவது வரிசை, சுயேச்சை கிளாடிஸ்,
பென்சில் சீவி சின்னம்.
அதையும் அமுக்கினேன். கூசவில்லை.
அழித்துவிடுகிற ஓட்டுதானே.

கிளாடிஸ் வீட்டுக்கு வந்திருந்தாள்.
நோட்டீஸ் தீர்ந்துபோச்சு என்றாள்.
"ஒங்க கிணத்த ஒருக்கா எட்டிப் பாத்துட்டுப்
போய் ஓட்டு போடுங்க, அது போதும்."

எட்டிப் பார்க்க என்ன இருக்கிறது.
குருசுப்பாறையில் வெடி வைத்த நாள் முதல்
தண்ணீர் ரப்பர்பால் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.
அடுக்களைச் சுவரில் ஒரு கீறல்
போன வருஷம் ஜன்னல் மட்டும் இருந்தது,
இப்போது தரையைத் தொட்டுவிட்டது.
பாறை ஏலம் எடுத்தது நம்ம ஒன்றியத்தின் மச்சினன்.
லாரி எல்லாம் எதிர்க்கட்சிக்காரனுடையது.
அதில் மட்டும் அவர்களுக்குள் கூட்டணி.

ஆனால் ஒக்கிக் காற்றில்
நாற்பது மரமும் கூரையும் ஒரே ராத்திரியில் போனபோது
தார்ப்பாய் சுமந்து வந்தது கட்சிப் பையன்கள்.
அம்மையின் பெட்டியை இடுப்பளவு தண்ணீரில்
கல்லறைக்குக் கொண்டுபோனதும் அவர்கள்தான்.
அந்தத் தோள்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

பத்தரைக்குக் கூட்டம் ஓய்ந்தது.
பெஞ்சை விட்டு எழுந்தேன்.
கறை பிடித்த விரலில் இன்னொரு கறை வைத்தார்கள்.
அட்டை மறைப்புக்குள் யாரும் இல்லை, நான் மட்டும்.
ஏழாவது வரிசையைக் கண் பார்த்தது.
இருட்டிலும் சாலின் சரிவு தெரிந்து
தானே இறங்குகிற பால்வெட்டுக் கத்தி போல
விரல் பழைய இடத்தில் போய் இறங்கிற்று.

பீப்.

கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு
ஏழு வினாடி நின்றது.
நம்ம சின்னம்தான்.
ஏதோ தப்பு நடந்ததுபோல
அது விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

எண்ணி முடித்து நாலாம் நாள்
ஷீட் கடை மாடியில் கிளைக் கூட்டம்.
ஜெயித்திருந்தோம். கேக் வெட்டினோம்.
ஆனாலும் சோபனராஜ் தாளை நீட்டினான்:
"ஒனக்க பூத்துல பென்சில் சீவிக்கு
பதினொண்ணு விழுந்திருக்கு, றசலையா.
ஆரு ஆருன்னு எழுதித் தா.
நீ அறியாத ஆளா அங்க?"

வெடிச்சத்தத்தில் ஒரு காது போன டென்னிசன்.
நர்சு வேலைக்குப் படிக்கிற அவன் மகள்.
லாரி தட்டி ஆடு செத்த தங்கபாய்.
எழுத எழுத
பெயர்கள் பெயர்களாக இல்லை,
தண்ணீர்க்குடம் தூக்கி என் வாசல்வழி போகிறவர்கள்.

பேனா நின்றது.
தாளைத் திருப்பிப் போட்டேன்.
பின்பக்கத்தில் ஒரே பெயர் எழுதினேன்.
என் பெயர்.

"வெளையாடாத" என்றான் சோபனராஜ்.
இல்லை என்றேன்.
முப்பது வருஷத்தில்
கட்சியிடம் நான் சொன்ன முதல் பொய் அது,
படியிறங்கும்போது
நிமிர்ந்துதான் இறங்கினேன்.

வீட்டில் லில்லிபாய் மரச்சீனி அவித்துக்கொண்டிருந்தாள்.
நடந்ததைச் சொன்னேன்,
கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லியிருப்பேன்.
பட்டியலில் அவள் பெயருக்கு நேரே
ஒவ்வொரு தேர்தலுக்கும்
கேட்காமலே நான் போட்ட டிக்.

அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.
சிரிக்கவில்லை.

"எனக்க ஓட்டுக்கு
ஒமக்க பேரா?"