இருபத்துநாலாவது பெயர்

தேக்குப் பலகை.
தண்டையார்பேட்டை சரக்கு யார்டு, மாஸ்டர் அறை.
என் தலைக்கு மேலே
வெள்ளை எழுத்தில் இருபத்துமூன்று பெயர்கள்.

பெயிண்டர் தணிகாசலம் சாக்பீஸால் இடம் அளந்துவிட்டுத்
திரும்பினார்:
"திருமதியா, செல்வியா மேடம்?"
மேலே யாருக்கும் அப்படி ஒன்றும் இல்லையே என்றேன்.
நிமிர்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார்,
இருபது வருடமாகத் தானே எழுதிவந்த பலகையை.
"ஆமா, இல்ல.
ஆனா இடம் விட்டுட்டேனே."

ஆ. பியூலா.
பெயருக்கு முன்னால் அந்த இடம்
விழுந்த பல் மாதிரி அப்படியே இருக்கிறது.

நாற்காலி, முந்தையவர் உயரத்தில்
துருப்பிடித்து நின்றுவிட்டிருந்தது.
கால் தரையில் எட்டாமலே
மூன்று மாதம் உத்தரவு போட்டேன்.
வாக்கி டாக்கியில் இன்னும் நான் "மாஸ்டர் சார்".
திருத்தவில்லை.
வேகன் நகரும்போது இலக்கணத்துக்கு நேரம் கிடையாது.

"நைட் ஷிப்ட்டுன்னா பையனுக்கு யாரு சோறு போடுவா?"
இருபத்துமூன்று பேரிடம் யாரும் கேட்காத கேள்வி.
அவன் அப்பன் போடுவான்.
உப்பு கொஞ்சம் தூக்கலாக.
பையன் நன்றாகத்தான் வளர்கிறான்.

கழிப்பறை விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது.
ஆறாவது தண்டவாளத்துக்கு அப்பால் அது.
சாவி, காவலர் மேசை டிராயரில்.
அவர் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து
நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவேன்.

ஐப்பசி அடைமழை. கொருக்குப்பேட்டை கேட்டில்
முழங்கால் தண்ணீர்.
நாலாவது லைனில் எண்ணெய் டேங்க் வேகன் ஒன்று
தடம் இறங்கிச் சாய்ந்து நின்றது.
கண்ட்ரோலிலிருந்து போன்:
"ஆம்பளைங்க யாராவது இருந்தா குடும்மா."

"இருக்காங்க சார், பன்னெண்டு பேரு.
எல்லாரும் தண்ணியில நிக்கிறாங்க,
நான் சொல்றதுக்காக."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
மழைச் சத்தம் மட்டும்.
பிறகு, "சரி, சொல்லுங்க."

சொன்னேன்.
ஐந்தாவது லைனையும் மூடு.
யார் பையிலும் தீப்பெட்டி இருக்கக் கூடாது.
இஸ்மாயில் அண்ணே, வால் பக்கம் கழற்றுங்க,
முதல்ல மூக்கால பாருங்க, அப்புறம் கண்ணால.
விடிந்தபோது ஒரு சொட்டு சிந்தியிருக்கவில்லை.
இஸ்மாயில் அண்ணன் சட்டையைப் பிழிந்து
என் நாற்காலி முதுகில் காயப்போட்டார்.

அறிக்கை வந்தது:
"பணியிலிருந்த ஊழியர்களின் விரைந்த நடவடிக்கை."
ஊழியர்கள்.
ஒரு பன்மையில் என்னைக் கரைத்திருந்தார்கள்.
மழை தவறினால், எனக்குத் தெரியும்,
அது ஒருமையாகியிருக்கும்,
பெண்பாலில்.

கோபம் வந்தது.
தூக்கம் அதைவிட அதிகமாக வந்தது.

சம்பளத்தன்று எம்.சி. ரோடு முனையில்
டூப்ளிகேட் சாவி போடுகிறவரிடம்
ஆறாவது தண்டவாளத்துச் சாவியை நீட்டினேன்.
"எத்தினிம்மா?"
"மூணு."
"வூட்ல அத்தினி பேரா?"
அரம் உரசும் சத்தத்துக்கு மேலே
கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது:
"இப்போதைக்கு ஒருத்திதான்."