பக்கம் 34: ஊதாவின் மேல் கறுப்பு

இந்தப் பக்கத்தை அமைத்தவனுக்கு
எழுத்துகள் மேல் ஏதோ கோபம் இருந்திருக்க வேண்டும்.
முழுப் பக்கத்துக்கும் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு குகை.
அதன் மேல் கறுப்பில்
எள்ளைவிடச் சின்னதாய் ஆட்ட விதிகள்.
மூன்றாம் பத்தி டிராகனின் வாலில் ஏறி
அது வளைகிற இடத்தில் தானும் வளைந்து
எரிமலைக் குழம்புக்குள் இறங்குகிறது.
ஏழு வரி.
திரும்பி வரவில்லை.

தொண்ணூற்றிரண்டு, மயிலாடுதுறை.
கப்பலில் சமையல்காரராயிருந்த ஜெய்புன்னின் மாமா
கண்ணாடி டம்ளர்களைச் சுற்றிக் கொண்டுவந்த இதழ்கள்
மொத்தம் பதினொன்று.
டம்ளர்கள் நான்கு உடைந்தன,
இதழ்களுக்கு ஒன்றும் ஆகவில்லை
என்று சொல்ல ஆசைதான்.
'தொடர்ச்சி 71ஆம் பக்கம்' என்றிருந்தது.
71ஆம் பக்கம்
ஐந்தாவது டம்ளரோடு
அடுத்த வீட்டுக்குப் போயிருந்தது.
ஐப்பசி ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இரு தாள்களைப்
பிரித்தபோது
மந்திரவாதியின் தாடி
பெயின்ட் விளம்பரத்துக்குப் போய்விட்டது.

எனக்கு ஆங்கிலம் அரை. அவளுக்கு முக்கால்.
இரண்டையும் கூட்டி ஒன்றேகாலாய்
டியூப் லைட்டுக்கு நேரே தாளைச் சாய்த்து,
மைப்பளபளப்பு விலகுகிற கோணத்தில்
அவள் மூச்சுவிடாமல் படிக்க
நான் நீளநோட்டில் எழுதுவேன்.
கரண்ட் போனால் ஆட்டம் தொடங்கும்.
இருபது முகப் பகடை வேண்டுமாம்.
பவுடர் டப்பாவில்
எண் எழுதிய இருபது பஸ் டிக்கெட்டுகள்.

இரண்டு வாளும் ஒரே நொடியில் பாய்ந்தால்?
கேள்வி வாலின் நுனியில் இருந்தது,
பதில் குழம்புக்குள்.
ஒரு வாரம் சண்டை போட்டு
நாங்களே ஒன்று வைத்துக்கொண்டோம்:
இருவரும் பிழைப்பார்கள்.
பிந்தி டிக்கெட் எடுத்தவர்
மற்றவருக்கு ஒரு ரோஸ்மில்க் கடன்.
கருங்கோட்டை அரசனைக் கடைசிவரை கொல்ல முடியவில்லை.
அவனுக்கும் இரண்டு பாக்கி.

இப்போது பட்டமங்கலத் தெருவில்
எனக்கு ஒரு டிடிபி கடை.
நேற்று ஒருவர் காதணி விழா பேனருக்கு வந்தார்.
பச்சையில் சிவப்பு எழுத்து,
தாய்மாமன்கள் பதினாறு பேர்,
அவர்களுக்குப் போக மிச்சமிருக்கிற இடத்தில் தேதி.
"படிக்கத் தெரியாதுங்க" என்றேன்.
"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்றார்.

அன்று ராத்திரிதான் குவைத்திலிருந்து ஜெய்புன்
யாரோ ஸ்கேன் செய்து வைத்திருந்த
அதே இதழை அனுப்பினாள்.
அதே ஊதா. அதே வால்.
இந்த முறை கையில் ஆயுதம் இருந்தது.
நீலத்தை அணைத்தேன், பச்சையை அணைத்தேன்,
சிவப்பை மட்டும் எரியவிட்டேன்.
குகை வெளுத்தது. குழம்பு வற்றியது.
முறைவைத்துத் தண்ணீர் நிறுத்தியதும்
படித்துறையின் அடிப்படிகள்
பாசியோடு மேலே வருவதுபோல்
ஒவ்வொன்றாய் ஏழு வரிகள்:

சென்ற இதழின் வரைபடப் பக்கத்தைப்
படிக்கவே முடியவில்லை என்று
வாசகர்கள் பலர் எழுதியிருந்தீர்கள்.
வருந்துகிறோம்.
வண்ணங்களைத் தேர்வதில்
இனிக் கவனமாக இருப்போம்.
ஆசிரியர்.

வாளைப் பற்றி ஒரு சொல் இல்லை.
71ஆம் பக்கத்தில் இருக்கலாம் என்று போனேன்.
அங்கே சரியாக அந்தப் பத்தியின் மேல்
ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல்,
நகத்தில் அழுக்கோடு.

ஜெய்புன்னுக்குச் சொன்னேன்.
பின்னால் மிக்சி ஓட
ஒரு நிமிடம் நாற்பது நொடி சிரித்து அனுப்பினாள்.
கடைசியில் மட்டும் ஒரு கேள்வி:
"அப்போ என் நூத்திப் பதினாலு ரோஸ்மில்க்?"
நோட்டைத் தேடிப் பார்க்க வேண்டும்.
நூற்றிப் பத்து என்றுதான் ஞாபகம்.

பேனரில் தேதியைச் சுற்றி
வெள்ளையில் மெல்லிய கோடு ஒன்று போட்டேன்,
அவர் கவனிக்கமாட்டார்.
மண்டபத்தின் பெயரைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை,
ஏழாவது தாய்மாமனின் மீசைக்குள்
இன்னும் சிக்கிக்கொண்டிருக்கிறது.