படிவம் எண் 212

செக்காலை ரோடு ஜெராக்ஸ் கடையில்
ஒரு பக்கம் எழுபது காசு.
முந்நூறு படிவம், மூன்று மூன்று தாள்.
ஆறு துறைகளிடம் கெஞ்சி வாங்கிய
இருபது இருபது நிமிடங்கள்.

பெயர் எழுத வேண்டாம் என்றேன்.
சரி, தவறு கிடையாது என்றேன்.
முதல் பெஞ்சில் ஒருத்தி கேட்டாள்:
"இதுக்கு மார்க் உண்டா மேடம்?"

வெளியே செம்மண் கிளப்பி
பின்னால் வந்துகொண்டிருந்தது
விடுதித் தொட்டிக்கான தண்ணீர் லாரி.
யாரும் திரும்பவில்லை.
நானும் அதன் ஹாரனுக்கு மேலே
குரலை உயர்த்தியதோடு சரி.

இயற்கையை ஆளப் பிறந்தவன் மனிதன்:
இது தலைகீழ் மதிப்பெண் வாக்கியம்,
மறுத்தால் ஐந்து.
முக்கால்வாசிப் பேர் மறுத்திருந்தார்கள்.
நல்ல பிள்ளைகள்.
மணி அடித்த பிறகு மேசைக்கடியில்
நசுங்கிக் கிடந்த பாட்டில்களை எண்ணினேன்,
பதினேழு.
அதற்குக் கட்டம் வைக்கவில்லை நான்.

ராத்திரி, கழனிவாசல் மாடியறை.
ஒன்று, நான்கு, ஐந்து, ஐந்து என
கணினியில் ஏற்றிக்கொண்டே வந்து
இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றேன்.

மரங்களுக்கும் வாழும் உரிமை உண்டு.
ஐந்து கட்டமும் காலி.
ஓரத்தில், பேனா அழுந்திய சாய்ந்த எழுத்தில்,

எந்த மரம்?

அதன் கீழே, தாளைத் திருப்பிவைத்து:
எங்க கண்மாய்க்கு மேல எல்லாம் தைலமரம்.
கிணறு வத்திப் பதினோரு வருஷம்.
வெட்டு நடந்தாத்தான் அப்பாவுக்கு வேலை.
இந்த செமஸ்டர் ஃபீஸ் அந்த லோடு.
வெட்டின கட்டை திரும்பத் துளிர்க்கும் மேடம்.

அடைக்கம்மை மேடத்துக்கு ஃபோன் போட்டேன்.
பால் பொங்குகிற சத்தத்துக்கு நடுவே கேட்டுவிட்டு
"விடுபட்டதுன்னு ஒன்பது போடும்மா,
ஒரு ஆளுக்காக அளவுகோலை மாத்துவியா?"
என்றார். முறைதான்.
போட்டேன்.

நம்பகத்தன்மை பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்று.
ஆய்வேட்டில் அழகாக உட்காரும்.

தாளை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
வழவழவென்று, நல்ல வெள்ளை.
எதை அரைத்த கூழ் என்று
எங்கேயும் போட்டிருக்கவில்லை.

மீதி எண்பத்தெட்டு இருந்தது.
வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து
நானே பதினான்கைக் குறிக்கப் பார்த்தேன்.
பென்சில் நடுக்கட்டத்துக்கு மேலே நின்றது,
அதை விட்டு நகர்ந்தது,
திரும்ப வந்தது.

கீழிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார்:
"மோட்டார் போட்டாச்சு, பத்து நிமிஷந்தான்,
பிடிக்கிறவங்க பிடிச்சுக்குங்க!"

குடத்தை எடுத்துக்கொண்டு
இறங்கினேன்.