வாடகைக் கடல்

ஐந்து ரோட்டிலிருந்து
புரொஜெக்டர் ஒன்று, மைக் இரண்டு, திரை ஒன்று,
ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு
இருபது கொண்டை ஊசி வளைவு.
பதினேழாவதில் திரைக்கம்பு உருண்டு
காதில் இடித்தது.

ஏற்காட்டில் ஓட்டல் மாடியில் கூட்ட அறை.
தீவுப் பழங்குடியினருக்கு
நீடித்த கடல்வள மேலாண்மைப் பயிற்சி
என்றது பேனர்.
ஏன் இங்கே என்றேன்.
‘சீசன் இல்லை, ரூம் பாதி விலை’ என்றார் மேனேஜர்.

பதினோரு பேர்.
கப்பல் மாறிக் கப்பல் ஐந்து நாள், ரயிலில் ஒரு ராத்திரி.
ஓட்டல் கம்பளியைப் போர்த்தியபடி
முன்வரிசையை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள்.
ஜன்னலுக்கு வெளியே
சில்வர் ஓக் மரங்கள் இடுப்பளவு மேகத்தில் நின்றன.

சுவரில் என் கடல்.
பவளம், அம்புக்குறி, பவளம், சதவீதம்.
பல்பு மாற்ற வேண்டிய வயது,
நீலம் கொஞ்சம் ஊதாவாகத்தான் விழும்.
ஹெப்சிபா என்ற பெண் எழுந்தார், நாற்பது வயதிருக்கும்.
‘தண்ணீர் இந்த நிறத்தில் இருந்தால்
நாங்கள் இறங்க மாட்டோம்.’
இந்தியில் சொன்னார்.
சூரத் சேலைப் பட்டறையில் நாலு வருஷம்
சாயம் கலக்கியவன், எனக்குப் புரிந்தது.
இரண்டும் புரிந்தது, மொழியும் நிறமும்.

டாக்டர் பூங்குன்றன் நல்ல மனிதர்.
மன்னிப்புக் கேட்டுவிட்டு
அடுத்த படத்துக்குப் போனார்.

இரண்டாம் நாள், நாற்பத்தோராம் படத்தில்
கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஆள் போனான்,
போனவன் போனவன்தான்.

ஹெப்சிபா டீத் தட்டிலிருந்த பிஸ்கட்டை எல்லாம்
கம்பளத்தில் கவிழ்த்தார்.
இது திட்டு. இது வாய்க்கால். இது வலை போடும் இடம்.
இந்த மூன்று பிஸ்கட்டை
என் மச்சான் செத்த நாளிலிருந்து யாரும் தொடுவதில்லை,
இன்னும் ஒரு மழைக்காலம் பாக்கி.
பர்னபாஸ் என்பவர், இல்லை, இரண்டு மழைக்காலம் என்றார்.
சண்டை வந்தது. அவர்கள் மொழியில்.
பிறகு சிரிப்பு, அதுவும் அவர்கள் மொழியில்.

பூங்குன்றன் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதினார்.
நான் செல்போனைப் பிடித்திருந்தேன்,
பேட்டரி ஒன்பது சதவீதம்.
பன்னிரண்டு வருஷமாக வெளிச்சம் விற்கிறேன்,
படம் ஏதும் இல்லாத வெளிச்சத்தை
அன்றுதான் பிடித்தேன்.

‘நாங்கள் மூடி வைப்பதை
வெளியூர்ப் படகு ராத்திரியில் வந்து திறக்கிறது.
அவர்களுக்கு எந்த மலையில் பயிற்சி?’
இதை நான் தமிழில் சொன்னபோது
பூங்குன்றனின் பேனா எழுதவில்லை.

மூன்றாம் நாள் இறங்கும் வழியில்
மலையில் சிவப்பாக ஒரு வெட்டு.
பாக்சைட், பழைய சுரங்கம் என்றேன்.
அதை யார் மூடி வைத்தார்கள் என்றார் பர்னபாஸ்.
கேட்ட தொனியில் மரியாதை இருந்தது.
யாராவது செத்திருப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.
நான் கியர் மாற்றினேன்.

ரயிலுக்கு நேரம் இருந்தது.
மீன் பார்க்க வேண்டும் என்றார்கள்.
மார்க்கெட்டில் தெர்மாகோல் பெட்டி, ஐஸ்,
ராத்திரி லாரியில் வந்து இறங்கிய வஞ்சிரம்.
ஹெப்சிபா ஒன்றின் மேல் சாண் விரித்தார்.
சுண்டுவிரல்
வாலைத் தாண்டி ஐஸில் பதிந்தது.

‘குட்டிதான் அக்கா, அதான் ருசி’ என்றார் கடைக்காரர்.
என்ன சொல்கிறார் என்று என்னைப் பார்த்தார்.
விலை சொல்கிறார் என்றேன்.

இப்போது பில் எழுதுகிறேன்.
புரொஜெக்டர், மூன்று நாள்.
மைக், மூன்று நாள்.
வண்டி வாடகை, டோல் இல்லை.
கரண்ட் இல்லாத ஒரு மணி பத்து நிமிஷத்தைக்
கழிப்பதா, கூட்டுவதா?

உள்ளே செல்வமேரி மீன் அலசுகிறாள்.
எத்தனை விரல் நீளம் என்று
எழுந்து போய்ப் பார்க்கவில்லை.