கொருக்குப்பேட்டை கேட்டில் ஒரு ராஜ்யம்

டேங்கர் வண்டி வந்தால்
பதினெட்டு நிமிஷம் கேட் மூடியிருக்கும்.
அதற்குள் எனக்கு இருபது தட்டு அத்தோ போகும்.
பாங்ஹோம் வரலாறும் அதற்குள் முடிந்துவிடும்.
பதினோரு சதுர மைல்தான் நாடு.
இங்கே கிளம்பி எண்ணூர் போவதற்குள்
அரசன் எல்லை முடிந்து
அடுத்தவன் வயலில் நின்றிருப்பீர்கள்.

ஷான் மலையில்
பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும் ஊர் அது.
முதல் ராஜா
சேற்றில் விழுந்த மந்தாலே மன்னரின் யானையை
எழுபது ஆள் வைத்துத் தூக்கினாராம்.
தங்கக் குடை கிடைத்தது.
மழைக்கு ஒழுகும் குடை.
இரண்டாமவர் தம்பிகள் மூவரை
நெற்களஞ்சியத்தில் வைத்துப் பூட்டினார்.
அறுவடைக்குத் திறந்தபோது என்ன இருந்ததென்று
அப்பா கணக்கில் எழுதவில்லை.
"களஞ்சியம் கழுவியது, கூலி ஆறணா"
அவ்வளவுதான் இருக்கிறது.

மூன்றாமவர் காலத்தில் வெள்ளைக்காரன் வந்தான்.
சங்கிலி போட்டு அளந்தான், தேநீர் குடித்தான்.
சாவ்பா என்று உங்களை அழைக்க முடியாது,
நாடு போதவில்லை,
வேண்டுமானால் ங்வெகுன்மு, வெள்ளி கட்டுகிறவர் என்றான்.
சுவர்க் கடிகாரம் ஒன்றும் கொடுத்தான்.
நிலம் போனதற்கு அழாதவர்
பட்டம் குறைந்ததற்கு மூன்று நாள் சாப்பிடவில்லை.
பிறகு அவர் விதவை ஒன்பது வருஷம் ஆண்டாள்.
பட்டியலில் அவள் கிடையாது.
ஆற்றுப் பாலம் மட்டும் அவள் கட்டியது.

நாட்டு வரவில் பாதி
திருவிழாச் சூதாட்டக் கொட்டகை ஏலம்.
மீதி உருளைக்கிழங்கும் தேயிலையும்.
ஒவ்வொரு காசையும்
சிங்கராயர், என் அப்பா,
தமிழில் எழுதிவைத்தார்.
ராஜாவுக்குத் தமிழ் தெரியாது.
அப்பாவுக்கு அது வசதியாக இருந்ததா என்று
நான் கேட்டதில்லை.

கடைசி ராஜா தவுன்ஜி பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆடி
முழங்காலை உடைத்துக்கொண்டவர்.
ஐம்பத்தொன்பதில் மற்றவர்களோடு வரிசையில் நின்று
கையெழுத்துப் போட்டு அதிகாரத்தை விட்டார்.
அறுபத்திரண்டில் ஜீப் வந்தது.
நொண்டிக்கொண்டே ஏறினார்.

கப்பல் ஏறுகையில் ரங்கூன் அதிகாரி
அம்மாவின் தோட்டைக் கழற்றிக்கொண்டு
கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து
புரியாததால் திருப்பிக் கொடுத்தான்.
வியாசர்பாடிக் குடிசையில் நான்கு முறை வெள்ளத்தில் நனைந்தும்
கடைசி வரி அழியவில்லை:
"பாங்ஹோம் அரசு தரவேண்டியது,
மூன்று மாதச் சம்பளம், நூற்று முப்பத்தைந்து கியாட்."

போன மாசியில் ஒரு பெண் வந்தாள்.
பெர்த்திலிருந்து; அறுபது வயதிருக்கும்,
ஓலா டிரைவர் கேட் தாண்ட மாட்டேனென்று இறக்கிவிட்டிருந்தான்.
சாவ் நாங் ஸெங். ராஜாவின் மகள்.
எப்படியோ விசாரித்து வந்திருக்கிறாள்.
ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.
ஆறு வயதில் விட்ட பர்மியப் பேச்சு
எனக்கு எண்ணெய் சுட்ட மாதிரி நாக்கில் தெறித்தது.
அவளுக்கு வந்ததும் ஏறக்குறைய அவ்வளவே.

புத்தகத்தைப் பார்த்தாள்.
தடவினாள், மோந்தாள்.
அப்பா பெயர் எங்கே என்றாள்.
விரல் வைத்துக் காட்டினேன்:
குதிரைக்குக் கொள்ளு, முழங்காலுக்குத் தைலம்.
அப்போது அழுதாள்.
பிறகு கடைசி வரியை நான் படித்துச் சொல்ல
பையைத் திறந்து டாலர் எடுத்தாள்,
வட்டியோடு எவ்வளவு என்றாள்.

வண்டி போய்க்கொண்டிருந்தது,
கருப்பு டேங்கர், இன்னொன்று, இன்னொன்று.
நான் வாங்கவில்லை.
ஏனென்று கேட்டாள்.
சொல்ல இரண்டு மொழியிலும் வார்த்தை கிடைக்காமல்
வெங்காயம் வறுத்ததைக் கூடப் போட்டு
அத்தோ பிசைந்து நீட்டினேன்.
புளி அதிகம் என்றாள்.
இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

கேட் தூக்கினார்கள்.
லாரி, மீன் கூடை, ஷேர் ஆட்டோ, ஒரே ஹார்ன்.
அவள் ரோட்டைக் கடக்கும்வரை பார்த்துவிட்டு
பேனாவைத் தேடி எடுத்து,
அப்பா கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்:
பாங்ஹோம் அரசு, மேற்படி பற்று,
அத்தோ இரண்டு, எண்பது ரூபாய்.