வீடு பூட்டு

காலை ஏழே முக்கால்.
ஞானஒளிவுபுரத்தில் பள்ளிக்கூடத்துப் பின்சந்து.
ஆறு பேர், ஆறு டார்ச்,
தோளில் மருந்துப் புட்டி, கக்கத்தில் நோட்டு.
"கொசுக்காரி வந்துட்டா" என்று
ஒரு பொடியன் எங்களுக்கு முன்னால் ஓடுகிறான்.
நாங்கள் போய்ச் சேருவதற்குள்
முக்கால்வாசித் தொட்டிக்கு மூடி வந்துவிடும்.
அதுவும் கொசு ஒழிப்புதான். அவனுக்குச் சம்பளமில்லை.
எனக்கும் போன மாதத்தது இன்னும் வரவில்லை.

ஐந்து நாளைக்கொரு தரம் குழாய் வரும் தெருவில்
தண்ணீர் பிடித்துவைக்காதீர்கள் என்று சொல்லும் வாய்
என்னுடையது.
"பெறகு எதுலத்தா பிடிக்க, முந்தானையிலயா?"
சகாயராணி கேட்டாள்.
மூடி வையுங்கள் என்று மாற்றிக்கொண்டேன்.
அன்றைக்கு என் வீட்டில்
பதினொரு குடம், இரண்டு டிரம்,
குக்கர்கூட நிரம்பியிருந்தது.

பதினாறின் கீழ் ஆறு.
கதவைத் தட்டினால்
"வீட்ல ஆளில்ல" என்று உள்ளேயிருந்து ஆள் சொல்லும்.
நோட்டில் 'பூட்டு' என்று எழுதுவேன்.
ஐந்து வாரம், ஐந்து பூட்டு.
ஆறாவது வாரம் சந்தில் மூன்று காய்ச்சல்.
இனிமேல் அந்த வார்த்தை
என் கண்ணில் படக்கூடாது என்றார் சுகாதார ஆய்வாளர்.

"ஆளில்லாட்டிப் பரவால்லய்யா,
தொட்டியாச்சும் இருக்கா?"

உள்ளே ஒரு சிரிப்பு. பிறகு தாழ்ப்பாள்.

அருளப்பன். ரிட்டயர்ட் கண்டக்டர்.
சோழவந்தான் வண்டியில் முப்பத்தொரு வருசம்
நின்றுகொண்டே போனவர்.
கொல்லையில் கறுப்பு டிரம். டார்ச் அடித்தேன்.
மேலே தொங்கிக்கொண்டிருந்ததெல்லாம்
நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின.
எட்டிப் பார்த்தவர் கேட்டார்:
"இதுல புல் டிக்கெட் எத்தன, அரை டிக்கெட் எத்தன?"
"எல்லாம் அரை டிக்கெட்டுதான்யா.
வெள்ளிக்கிழமைக்குள்ள புல்லாயிரும்."

மருந்தை அளந்து ஊற்றித் திரும்பும்போது
வெளிச்சம் அவர் காலில் விழுந்தது.
இடது பெருவிரலில் பழைய வேட்டிக் கிழிசல்.
அதை நோக்கி
சுவரோரமாக எறும்பு வரிசை.

"வலிக்கவே இல்லத்தா" என்றார் பெருமையாக.
அதைக் கேட்டுத்தான் எனக்குக் குளிர்ந்தது.

எங்களுக்குப் பயிற்சி ஒன்றரை நாள்.
டயர், ஆட்டுரல், சிரட்டை, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு.
கால் இல்லை.
சர்க்கரை பார்க்கிறவர்கள் வேறு,
அவர்கள் வரும் நாள் வேறு, நோட்டு வேறு.
என் நோட்டில் கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்,
கட்டைவிரல் ரேகை வைக்கலாம், அவ்வளவு அகலம்.
'கால்' என்று எழுதினேன்.

சாயங்காலம் ஆய்வாளர் விரலை வைத்து நிறுத்தினார்.
"என்னம்மா இது? கால் டிரம்மா?"
"இல்ல சார். கால்."
"புழு எவ்வளவுன்னு எழுதச் சொன்னா..."
"சார். கால்."
என் சேலைக் கரையை விலக்கி
என் பெருவிரலைக் காட்டினேன்.
பார்த்தார்.
நம்ம வேலை இல்லையே ஒச்சம்மா என்றவர்,
வெளியே போய் யாருக்கோ போன் போட்டார்.

விரல் போனது.
மீதி இருக்கிறது.

போன வாரம் நான் தட்டுவதற்கு முன்பே
"ஆளிருக்கு, ஏறிக்க!" என்று சத்தம்.
டிரம்மில் மறுபடியும் புழு.
மூடியைத் துணி காயப்போடுகிற கம்பிக்கு
முட்டுக் கொடுத்திருந்தார் மனிதர்.
ஒன்றும் பேசாமல் டிரம்மைச் சாய்த்தேன்.
ஐந்து நாள் தண்ணீர் சந்தில் இறங்கி ஓடியது.
வாசலுக்கு வாசல் நின்று பார்த்தார்கள்,
சவ ஊர்வலத்தைப் பார்ப்பது மாதிரி.
சகாயராணி ஏதோ சொன்னாள். நல்ல வார்த்தை இல்லை.

கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில்
தேதி, கையெழுத்து.
குறிப்புக் கட்டத்தை
யாரும் இன்னும் பெரிதாக்கவில்லை.

இப்போதெல்லாம் டார்ச்சை அணைப்பதற்கு முன்னால்
ஒரு தரம் கீழே அடித்துப் பார்க்கிறேன்,
செருப்பு விடுகிற இடத்தில்,
யார் வீடாக இருந்தாலும்.